படக்கதைத் தலைவியும் வினைமுற்றும்: பெண்ணை முதன்மைப்படுத்தும் படக்கதைகளை மதிப்பிடும் முறை

1. முன்னுரை

பெண்ணைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்ட படக்கதை ஒன்று இந்திய மொழியில் வெளிவரும்போது, அதைப் பற்றிய மதிப்புரை பெரும்பாலும் இரண்டு செய்திகளைப் பேசும். ஒன்று, தலைவியின் வீரம். மற்றொன்று, ஓவியர் அவளுக்கு அளித்த உருவமும் உடையும். மொழியைப் பற்றிய பேச்சு எழுவது அரிது. எழுந்தாலும் 'நடை எளிமையானது' என்ற ஒரு தொடரோடு நின்றுவிடும். ஆனால் இத்தகைய நூல்களுள் பெரும்பான்மையானவை மொழிபெயர்ப்புகள். படம் மூலத்தில் உள்ளவாறே வந்து சேர்கிறது; மாறுவது மொழி ஒன்றே. எனவே மொழிபெயர்க்கப்பட்ட படக்கதையில் தலைவியின் மதிப்பு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியது பெரும்பாலும் மொழியே.

இச்சிக்கலை ஆராய ஐதராபாத் நகரம் பொருத்தமான களம். 1917இல் உருதுப் பாடநூல்களுக்காக மொழிபெயர்ப்புத் துறையொன்றைத் தொடங்கி, அதற்கடுத்த ஆண்டு உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தைத் திறந்த நகரம் இது. 1958 முதல் ஆங்கிலத்துக்கான மத்திய நிறுவனமும், பின்னர் ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு மொழியியல், மொழிபெயர்ப்பியல் துறையும் இங்கே அமைந்தன. தெலுங்கும் உருதும் இந்தியும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் இந்நகரில், ஒரே ஆங்கிலப் படக்கதை ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் படிக்கப்படக்கூடும். அப்போது ஆங்கிலத்தின் 'ஷி' என்னும் ஒரே சுட்டுப்பெயர் ஒவ்வொரு மொழியிலும் வெவ்வேறு தகுதியைப் பெறுகிறது. அத்தகுதி வேறுபாட்டை இலக்கண நோக்கில் விளக்கி, மதிப்புரையாளர் கருத்தில் கொள்ள வேண்டிய அளவுகோல்கள் சிலவற்றை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. படக்கதையின் இருவகை உரை

படக்கதையில் எழுத்து இரண்டு இடங்களில் அமைகிறது. பாத்திரங்கள் பேசுவது பேச்சுக் குமிழுக்குள் வரும். கதைசொல்லி கூறுவது படத்தின் மேலோ கீழோ உள்ள கட்டத்துக்குள் வரும். இப்பிரிவு வெறும் அச்சமைப்பு அன்று, இலக்கணப் பிரிவுமாகும். குமிழுக்குள் தன்மையும் முன்னிலையும் மிகுதி. கட்டத்துக்குள் படர்க்கை மிகுதி.

தமிழில் தன்மை வினையும் முன்னிலை வினையும் பால் காட்டா. 'வந்தேன்', 'வந்தாய்' என்பவற்றைச் சொல்பவரோ கேட்பவரோ ஆணா பெண்ணா என்று சொல்லைக் கொண்டு அறிய இயலாது. எனவே தமிழ்ப் பேச்சுக் குமிழில் தலைவி பால் வேறுபாடின்றியே பேசுகிறாள். ஆனால் அவள் பிறரால் எவ்வாறு விளிக்கப்படுகிறாள், 'நீ' என்றா 'நீங்கள்' என்றா என்பது அங்கே வெளிப்படும். கட்டத்துக்குள் நிலைமை வேறு. 'வந்தாள்', 'வந்தார்' என்னும் இரண்டனுள் ஒன்றை மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தே ஆகவேண்டும். மூல ஆசிரியர் எண்ணிப் பார்த்திராத ஒரு முடிவைத் தமிழ் இலக்கணம் மொழிபெயர்ப்பாளரிடம் ஒவ்வொரு தொடரிலும் கேட்கிறது.

இடநெருக்கடியும் இம்முடிவைப் பாதிக்கிறது. ஆங்கிலத்துக்கு அளந்து வரைந்த குமிழில் தமிழை அடக்க வேண்டும். 'வருகிறாய்' ஐந்து எழுத்து. 'வருகிறீர்கள்' ஏழு எழுத்து. குமிழ் சிறிதாகும்போது மரியாதை முதலில் வெட்டுப்படும். கட்டத்தில் இந்தச் சாக்குக்கு இடமில்லை. 'வந்தாள்' என்பதும் 'வந்தார்' என்பதும் நான்கு எழுத்துகளே. அங்கே தேர்வு முழுவதும் மொழிபெயர்ப்பாளருடையது.

3. மூன்று மொழிகள், மூன்று தகுதிகள்

3.1 தமிழ்

ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கினால் வந்த உயர்சொல் என்றும், அது இலக்கண நெறியைச் சார்ந்ததன்று என்றும் தொல்காப்பியம் சொல்லதிகாரம் கருதுகிறது. வழக்காக இருந்த இந்த ஆர் ஈறு இன்றைய உரைநடையில் ஏறத்தாழக் கட்டாயமாகிவிட்டது. ஆயினும் அது ஒரு விலையைக் கேட்கிறது. ஆர் ஈற்றில் ஆணும் பெண்ணும் ஒன்றாகிவிடுகின்றனர். 'தளபதி வந்தார்' என்ற தொடரில் தளபதி பெண் என்பது தெரிவதில்லை. தமிழில் பெண்ணுக்கு மரியாதை கொடுப்பது அவளுடைய பெண்மையை வினைமுற்றிலிருந்து நீக்குவதாகவும் அமைகிறது.

ஆள் ஈறு எப்போதும் இழிவைக் குறிப்பதன்று. காப்பியத் தலைவியும் தெய்வமும் அவ்வீற்றாலேயே பாடப்படுகின்றனர். முருகனும் 'வந்தான்' என்றே பாடப்படுகிறான். அங்கே ஒருமை நெருக்கத்தைக் காட்டுகிறது. ஆகவே 'வந்தாள்' என்ற சொல்லைத் தனியே எடுத்துக் குறைகூறுவது பயனற்றது. அதே பக்கத்தில் அவளுக்கு நிகரான ஆண் எந்த ஈற்றைப் பெறுகிறான் என்பதே கேள்வி.

3.2 தெலுங்கு

தெலுங்கில் நிலைமை முற்றிலும் வேறானது. 1858இல் வெளிவந்த சின்னய சூரியின் பால வியாகரணம், பெண்டிர், விலங்கு, உயிரற்ற பொருள் ஆகியவை நீங்கலான பெயர்களை 'மகத்' என்று வகுக்கிறது. ஒருமையில் ஆணுக்கு 'வச்சாடு'. பெண்ணுக்கும் புலிக்கும் வண்டிக்கும் 'வச்சிந்தி'. பன்மையிலோ பெண் ஆணோடு சேர்ந்து 'வச்சாரு' என்னும் உயர்திணை ஈற்றைப் பெறுகிறாள். மரியாதைப் பன்மையும் அதுவே.

இதனால் தெலுங்கில் மரியாதை செய்யும் வேலை தமிழில் அது செய்யும் வேலையினின்று வேறுபடுகிறது. தமிழில் ஆர் ஈறு பால் வேறுபாட்டை மறைக்கிறது. தெலுங்கில் 'வச்சாரு' தலைவியை அஃறிணையோடு பகிர்ந்த ஈற்றிலிருந்து உயர்திணை ஈற்றுக்கு மாற்றுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'ஆமெ வச்சிந்தி' என்று படிக்கும் தெலுங்கு வாசகர் அதில் இழிவைக் கேட்பதில்லை. 'ஆமெ', 'ஆவிட', 'அதி' எனப் பெயர்களில் உள்ள படிநிலையே அவருக்கு மதிப்பை உணர்த்துகிறது. தமிழ்ச் செவியைக் கொண்டு தெலுங்கை அளப்பது பிழை. உஸ்மானியாவில் மொழியியல் கற்பித்தவரும் ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவருமான பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, 2003இல் வெளியிட்ட திராவிட மொழிகள் பற்றிய நூலில், பெண்பாலுக்கெனத் தனி ஒருமை வடிவம் தமிழ் சார்ந்த தென்திராவிடக் கிளையின் புத்தாக்கம் என்று காட்டுகிறார். அம்முடிவின்படி, 'அவள்' என்ற சொல்லே பின்னர் ஈட்டிய உடைமை. அது இல்லாத மொழியைக் குறையுடையது எனல் பொருந்தாது.

3.3 உருதும் இந்தியும்

உருதுவிலும் இந்தியிலும் தன்மை வினையே பால் காட்டுகிறது. 'மைம் ஜாதா ஹூம்' என்பவன் ஆண். 'மைம் ஜாதீ ஹூம்' என்பவள் பெண். எனவே இம்மொழிகளில் பேச்சுக் குமிழுக்குள்ளேயே தலைவி பெரும்பாலான வாக்கியங்களில் தன்னைப் பெண்ணென்று அறிவித்துக்கொள்கிறாள். 2012ஆம் ஆண்டின் தில்லி வன்கொடுமைக்குப் பின் உருவாகி 2014இல் வெளிவந்த 'பிரியாவின் சக்தி' என்னும் படக்கதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைக்கிறது. பாதிக்கப்பட்ட பெண் தானே பேசத் தொடங்குவது அக்கதையின் உயிர்நிலை. ஆங்கிலத்தில் 'நான்' என்னும் பேச்சு பாலற்றது. இந்தியில் அதே பேச்சு பெண்குரலாகவே பிறக்கிறது. அதைத் தமிழாக்க முனைபவருக்கு ஆங்கிலப் பிரதி மட்டும் போதாது. இந்தியில் ஈறு செய்வதைத் தமிழில் சொற்றேர்வால் செய்ய வேண்டியிருக்கும்.

இம்மொழிகளின் மரியாதைப் பன்மை பாலை அழிப்பதுமில்லை. 'ஆயீ' என்பதன் இறுதியில் மூக்கொலி சேர்ந்தால் அது மரியாதைப் பன்மையாகிறது, பெண்பாலும் நிலைக்கிறது. சுருங்கச் சொன்னால், மரியாதை தமிழில் பாலை மறைக்கிறது; தெலுங்கில் திணை ஈற்றை மாற்றுகிறது; உருதுவிலும் இந்தியிலும் இரண்டையும் ஒருங்கே காட்டுகிறது.

4. தமிழில் மாடஸ்டி

4.1 பெயரும் தலைப்பும்

தமிழில் பெண் தலைமைப் படக்கதையின் நெடிய வரலாறு மாடஸ்டி பிளைஸிடம் உள்ளது. பீட்டர் ஓ'டானல் எழுத ஜிம் ஹோல்டவே வரைந்த இத்தொடர் 1963 மே மாதம் இலண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் தொடங்கி 2001 வரை நீண்டது. சிவகாசியிலிருந்து 1984 ஜூலையில் வெளிவந்த லயன் காமிக்ஸின் முதல் இதழே 'கத்திமுனையில் மாடஸ்டி'. ஆண் நாயகர்களே விற்பனைக்கு உறுதி என்று கருதப்பட்ட துறையில், புதிய இதழொன்று பெண்ணை முன்னிறுத்தித் தொடங்கியது துணிவான செயல். அதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

அத்தலைப்பை மொழிநோக்கில் ஆராயலாம். 'கத்திமுனையில்' என்பது ஏழாம் வேற்றுமை. தலைவியை ஆபத்தின் இடத்தில் நிறுத்துகிறது. கத்தி யார் கையில் என்பதைத் தலைப்பு கூறவில்லை. வாசகர் முதலில் பெறுவது காக்கப்பட வேண்டிய பெண்ணின் படிமம். உள்ளே காண்பதோ பிறரைக் காக்கும் பெண். இம்முரண் வாசகரை ஈர்க்கும் உத்தியாகவும் செயற்படுகிறது என்பதை ஏற்றாலும், தலைவி எழுவாயாக நின்று வினை நிகழ்த்தும் தலைப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது மதிப்புரையாளரின் கடமைகளுள் ஒன்று.

பெயரில் மற்றோர் இழப்பு உண்டு. 'மாடஸ்டி' என்பது ஆங்கிலத்தில் அடக்கம், நாணம் எனப் பொருள்படும் சொல். அகதி முகாமில் முதியவர் ஒருவர் அக்காட்டுச் சிறுமிக்கு இட்ட பெயர் அது. பொருளும் ஆளும் முரண்படுவதே அதன் நயம். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு இலக்கணம் வகுத்த மொழியில் இம்முரண் மேலும் கூர்மையாக ஒலித்திருக்கும். ஒலிபெயர்ப்பில் அது மறைந்துவிட்டது. இயற்பெயரை மொழிபெயர்ப்பது தமிழ் வாசகர் ஏற்கும் வழக்கன்று. ஆகவே இது தவிர்க்க இயலாத இழப்பு. முன்னுரையில் ஒரு வரி விளக்கம் அதை ஈடுசெய்யும்.

4.2 'இளவரசி' என்னும் விளி

மாடஸ்டியின் துணைவன் வில்லி கார்வின் அவளை 'பிரின்சஸ்' என்று விளிக்கிறான். தமிழ் வாசகரிடையே 'இளவரசி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இவ்விளியின் பொருள் நுட்பமானது. அவள் அரச குலத்தவள் அல்லள். நாடோ பெற்றோரோ அறியாத அகதி. குற்றக் கூட்டமொன்றைக் கட்டியாண்டு, அதிலிருந்து விலகியவள். வில்லி அவளுடைய கீழ்ப்பணியாளனாக இருந்து நண்பனானவன். இருவரும் காதலரும் அல்லர். அரசுரிமை, அன்பு, விசுவாசம் ஆகிய மூன்றையும் சுமந்து, காதலை மட்டும் விலக்கும் விளி அது.

தமிழில் இதற்கு வேறு சொற்கள் இல்லாமலில்லை. 'தலைவி' என்றால் அகப்பொருள் மரபு குறுக்கிட்டு அவளைக் காதலியாக்கும். 'தலைவர்' எனின் அரசியல் மேடை நினைவுக்கு வரும். 'அக்கா' என்பது உறவுமுறையால் இருவரையும் பாதுகாப்பாக வேலியிட்டு, மூலத்தில் உள்ள திறந்த தன்மையை அடைத்துவிடும். 'மேடம்' அலுவலகத்தை நினைவூட்டும். இவற்றை நோக்க 'இளவரசி' சிறந்த தேர்வு. அது பிறப்பால் வந்த பட்டம் அன்று, ஒருவனால் மனமுவந்து அளிக்கப்பட்டது என்பதைக் கதையே உணர்த்தும்.

ஆயினும் விளியோடு வேலை முடிவதில்லை. 'இளவரசி' என்றபின் வருவது 'நீ'யா 'நீங்கள்'ஆ? வில்லி 'நீங்கள்' என்றும் மாடஸ்டி 'நீ' என்றும் பேசினால் பழைய ஆண்டான் அடிமை உறவு நீடிக்கும். இருவரும் 'நீ' என்றால் நட்பு முன்வரும். விளியே மதிப்பைத் தாங்கும். அரசனையும் இறைவனையும் 'நீ' என்று அழைத்த மரபு தமிழுக்கு உண்டு. எனவே பின்னது மரபுக்கு முரணன்று. மாடஸ்டியின் இளமை வரலாற்றைக் கூறும் 1966ஆம் ஆண்டுக் கதை போன்றவற்றில் முன்னதையும், அவர்கள் ஓய்வுபெற்ற பின் நிகழும் கதைகளில் பின்னதையும் ஆண்டால், ஆங்கிலம் காட்ட இயலாத உறவு மாற்றத்தைத் தமிழ் காட்டிவிடும். இவ்விடத்தில் மொழிபெயர்ப்பு மூலத்தை விடச் செறிவுடையதாகும் வாய்ப்பைப் பெறுகிறது. ஒரே கதைக்குள் பக்கத்துக்குப் பக்கம் 'நீ'யும் 'நீங்கள்'உம் மாறி வருமானால் அவ்வாய்ப்பு வீணாகிறது.

4.3 கட்டத்துக்குள் மாடஸ்டி

இத்தொடரில் மூன்று நிலைப் பாத்திரங்கள் ஒரே பக்கத்தில் சந்திப்பதுண்டு: உளவுத்துறைத் தலைவர் சர் ஜெரால்ட் டாரன்ட், மாடஸ்டி, வில்லி. டாரன்ட் 'வந்தார்', வில்லி 'வந்தான்', மாடஸ்டி 'வந்தாள்' எனின், முதியவரும் பதவியுடையவரும் ஆர் ஈறு பெற, ஏனைய இருவரும் நிகராகின்றனர், இது ஏற்கத்தக்கது. டாரன்டும் வில்லியும் 'வந்தார்' என்று வர மாடஸ்டி மட்டும் 'வந்தாள்' எனின், கூட்டத்தின் தலைவியே ஈற்றால் கடைநிலைக்குத் தள்ளப்படுகிறாள். படத்தில் முன்னே நிற்பவள் வினைமுற்றில் பின்னே நிற்பாள்.

இரண்டையும் தவிர்க்கும் வழியொன்றும் தமிழில் உண்டு. பெயரெச்சமும் வினையெச்சமும் பால், எண், மரியாதை எதையும் காட்டா. 'அதே நேரத்தில் மதிலைத் தாண்டிய மாடஸ்டி…' என்று கட்டம் முடிந்தால், வாக்கியத்தின் முற்றைப் படமே நிறைவு செய்யும். தமிழ்ப் படக்கதைக்கு இயல்பான நடை இது. எனினும் எல்லாக் கட்டங்களையும் இவ்வாறு தொங்கவிட்டால் நடை மூச்சிரைக்கும். வேகம் மிகுந்த காட்சிகளுக்கு எச்சமும், கதை நிலைகொள்ளும் இடங்களுக்கு முற்றும் எனப் பகுத்தாள்வது தகும்.

5. வரலாற்று அரசியர்

1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திர கதா வரிசை சகுந்தலை, சாவித்திரி, ஜான்சி ராணி, சாந்த் பீவி, கண்ணகி முதலிய பெண்களுக்குத் தனி நூல்களை அளித்தது. இவ்வரிசையைப் பற்றி நந்தினி சந்திராவின் நூல் 2008இலும் கார்லின் மக்லெயினின் நூல் 2009இலும் வெளிவந்தன. படமும் தேசியமும் சமயமும் பாலினமும் அவற்றில் ஆழமாக ஆராயப்படுகின்றன. இந்திய மொழிகளுக்குச் செல்லும்போது அதே படத்துக்குக் கீழ் ஈறுகள் எவ்வாறு மாறுகின்றன என்பது மொழியியலார் மேற்கொள்ள வேண்டிய பணி.

'கண்ணகி' இதற்குத் தக்க சான்று. தமிழ்க் காப்பியக் கதை ஆங்கிலப் படக்கதையாகி, அங்கிருந்து பிற மொழிகளுக்குச் செல்லும் வழியில் உள்ளது. ஆங்கிலத்தில் கண்ணகியும் பாண்டிமாதேவியும் மாதவியும் ஒரே சுட்டுப்பெயரைப் பெறுகின்றனர். தமிழுக்குத் திருப்புவோர், அரசிக்கு ஆர் ஈறும் வணிகர் குலப் பெண்ணுக்கு ஆள் ஈறும் இட்டால், அரசவையில் நீதி கேட்கும் காட்சியின் அடிப்படையே சரியும். அங்கே அரசனைவிட உயர்ந்து நிற்பவள் அவளே. காப்பிய மரபுப்படி அனைவரையும் ஒருமையில் கூறுவதே இவ்விடத்தில் நேர்மையான தீர்வு.

தெலுங்கு நிலத்தின் ருத்ரமதேவி வேறொரு சிக்கலைத் தருகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காகதீய நாட்டை ஆண்ட அவரைக் கல்வெட்டுகள் ருத்ரதேவ மகாராசர் என ஆண்பாற் பெயராலும் சுட்டுகின்றன. இவ்வரலாற்றைப் படக்கதையாக்குவோர், ஆண்பெயரோடு ஆளும் அரசியைக் கட்டத்துக்குள் எந்த ஈற்றால் கூறுவது? 'வச்சாடு' என்றால் கதைசொல்லி பொய்யுரைக்கிறார். 'வச்சிந்தி' என்றால் அவையோர் அறியாததை வாசகருக்கு உடைத்துவிடுகிறார். 'வச்சாரு' இரண்டையும் காக்கும். தமிழில் 'மன்னர் வந்தார்' என்பதும் அவ்வாறே. பாலை மறைக்கும் குறை என முன்னர்ச் சுட்டப்பெற்ற ஆர் ஈறு இங்கே கதைக்குரிய கருவியாகிறது.

6. தன்மையில் பேசும் தலைவி

மர்ஜான் சத்ரபி பிரெஞ்சில் எழுதி வரைந்து 2000 முதல் 2003 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்ட 'பெர்செபோலிஸ்', தமிழில் 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' என்ற பெயரில் விடியல் பதிப்பக வெளியீடாக வந்துள்ளது. தலைவியே கதைசொல்லி ஆதலால் கட்டத்துக்குள்ளும் தன்மை ஒருமையே ஆட்சி செய்கிறது. ஆள், ஆர் என்னும் இடர்ப்பாடு தலைவியைப் பொறுத்தவரை எழுவதே இல்லை. ஆசிரியரின் தாய்மொழியான பாரசீகம் 'அவன்', 'அவள்' வேறுபாடே இல்லாத மொழி. அவர் எழுதிய பிரெஞ்சோ பெயரடையிலும் எச்சத்திலும் பால் காட்டும் மொழி. தமிழ்த் தன்மை வினை இவ்வகையில் பிரெஞ்சை விடப் பாரசீகத்துக்கு நெருக்கமாக நிற்கிறது.

இதனால் ஒரு பயன் விளைகிறது. முக்காடு கட்டாயமாக்கப்படும் பள்ளியில் சிறுமிகள் அனைவரும் ஒரே உருவமாக வரையப்படும் காட்சியில், படம் பெண்மையைச் சுமையாகக் காட்டுகிறது. தமிழ் 'நான்' அச்சுமையற்றுப் பேசுகிறது. உடலுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு குரலைத் தீண்டவில்லை என்ற உணர்வு இதனால் வலுப்படுகிறது. நூற்பெயரில் நாட்டின் பெயர் முன்வந்து, தலைவியின் குழந்தைப் பருவம் 'ஒரு' என்ற பொதுமையில் அடங்கியது மட்டும் தனிக்குரலின் அழுத்தத்தைச் சற்றே குறைக்கிறது.

7. முடிவுரை

பெண்ணை முதன்மைப்படுத்தும் மொழிபெயர்ப்புப் படக்கதையை மதிப்பிடுவோர் நான்கு வினாக்களைத் தவறாது எழுப்புதல் வேண்டும். நிகரான ஆணும் பெண்ணும் நிகரான ஈற்றைப் பெறுகின்றனரா? விளியும் முன்னிலைச் சொல்லும் நூல் முழுவதும் ஒரே உறவைக் காட்டுகின்றனவா. மாறினால் கதை அம்மாற்றத்தைக் கோருகிறதா? தலைப்பிலும் கட்டத்திலும் தலைவி வினை நிகழ்த்துபவளா, வினைக்கு ஆட்படுபவளா? மூலமொழியின் ஈறு செய்த வேலையை இலக்கு மொழியின் எந்த உறுப்பு ஏற்றுக்கொண்டது?

மொழிபெயர்ப்பாளருக்கு இதனின்றும் கிடைக்கும் நடைமுறை எளியது. பணி தொடங்குமுன் யார் யாரை எவ்வாறு விளிப்பர், கதைசொல்லி யாரை எந்த ஈற்றால் குறிப்பார் என்று ஓர் அட்டவணை இட்டுக்கொள்ளலாம். தொடர்கதைகளில் மொழிபெயர்ப்பாளர் மாறும்போது அவ்வட்டவணை அடுத்தவர் கைக்குச் சேர வேண்டும்.

எல்லாப் பெண்களுக்கும் ஆர் ஈறு இடுவதால் மதிப்பு வந்துவிடாது; ஆள் ஈறு இடுவதால் மட்டும் அது போய்விடாது. அருகில் நிற்பவர் பெறும் ஈற்றோடு ஒப்பிடும்போதே அது தெரியவரும். படக்கதையைச் சிறுவர் பலர் பாடநூலுக்கு வெளியே தம் விருப்பத்தால் படிக்கும் முதல் உரைநடையாகப் பெறுகின்றனர். யாரை எவ்வாறு சுட்ட வேண்டும் என்னும் வழக்கை அவர்கள் அங்கிருந்தும் கற்கின்றனர். படம் வழங்கிய தகுதியை வினைமுற்று திரும்பப் பெற்றுக்கொள்ளாதிருக்கக் காப்பது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு. அது காக்கப்பட்டதா என்று பார்ப்பது மதிப்புரையாளரின் பொறுப்பு.